எலுமிச்சையை ஊறுகாய்க்கு விடுங்கள்

சருமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பருவைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பரு போன பிறகு நிற்கும் கறையைப் பற்றித்தான். ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சமையலறைப் பொருள் இருக்கிறது. நான் தோல் மருத்துவர். ஆனால் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவரின் மகள். கடைப் பொருளையும் தெரியும், அதைத் தப்பாகப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து உட்காரும் முகங்களையும் தெரியும். வழக்கம்போல் யார் பெயரையும் போடவில்லை.

*

"எனக்கு 21 வயது. கன்னத்தில் பரு வந்துபோன இடமெல்லாம் கறுத்திருக்கிறது. யூடியூபில் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் மஞ்சள்தூள் குழைத்துப் போட்டு, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். இப்போது முன்பைவிடக் கறுப்பாக இருக்கிறது. தேன் சேர்க்காததால் இப்படி ஆகிவிட்டதா, மேடம்?"
– கல்லூரி மாணவி, விருதுநகர்

தேன் மேல் பழி வேண்டாம் அம்மா. எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை இது.

நம் தோலுக்கு இயல்பிலேயே லேசான புளிப்பு உண்டு. பிஎச் கணக்கில் 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. அந்தக் கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மூன்று எண் இறங்கினால் ஆயிரம் மடங்கு. பரு உடைந்து ஆறிக்கொண்டிருக்கும் தோலில் அதை ஊற்றினால் எரியத்தான் செய்யும். "எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எலுமிச்சையில், அதுவும் நம் ஊரின் சின்ன எலுமிச்சையில், சோரலென் என்ற வகைப் பொருள்கள் உண்டு. சாற்றைவிடப் பழத்தின் தோலில் அதிகம். இவை நம் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் வெந்ததுபோல் சிவக்கும், சிலருக்குக் கொப்புளம்கூட வரும். ஆறிய பிறகு அதே வடிவத்தில் பழுப்புக் கறை நிற்கும், மாதக் கணக்கில். வெயிலில் நின்று எலுமிச்சை பிழிகிறவர்கள் கையில் சாறு வழிந்த தடம் கோடு கோடாகக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். நீங்கள் மொட்டை மாடியில் செய்ததும் அதேதான்.

கறை என்பது என்ன என்று தெரிந்தால் மீதி சுலபம். பரு என்பது தோலுக்குள் நடக்கும் ஓர் அழற்சி. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அழற்சி வந்தால், நிறம் சுரக்கும் செல்கள் பதறிப்போய் மெலனினை வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டிவிடுகின்றன. அந்த மிச்சம்தான் கறை. அது பருவால் வந்த அழற்சியா, எலுமிச்சையால் வந்ததா, நகத்தால் கிள்ளியதால் வந்ததா என்று அந்தச் செல்லுக்குத் தெரியாது. எதனால் எரிந்தாலும் அது கறுக்கும். மேல் தோலில் இருக்கும் பழுப்புக் கறை, புதிதாக எரிச்சல் வராமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானாகவே மங்கிவிடும். சாம்பல் நீலம் கலந்தாற்போலத் தெரிந்தால் நிறம் ஆழத்தில் இறங்கியிருக்கிறது. அதற்கு வருடக் கணக்கு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு வாரம் முகத்தில் எந்த விழுதும் வேண்டாம். மென்மையான ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொண்டால் பலனில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போவதும் நல்லதுதான். ஆனால் மெல்லிய துணி வெயிலை வடிகட்டும் அளவு கொஞ்சம்தான். மாநிறத் தோலை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்க வைக்கும். அதனால் அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

*

"எலுமிச்சை வேண்டாம், அது வேண்டாம், இது வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். வீட்டில் இருப்பதில் எதைத்தான் போடலாம்?"
– இல்லத்தரசி, திருச்சி

கோபம் நியாயம்தான். நான் ஆட்சேபிக்காதவை இரண்டு மூன்று இருக்கின்றன.

முதலில் கற்றாழை. அதில் உள்ள அலோசின், மெலனின் உருவாக உதவும் நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் வெட்டிய மடலில் அது எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், கொஞ்சம்தான். ஆனால் தோலைக் குளிர்ச்சியாக, ஈரப்பதத்தோடு வைக்கும், அரிப்பைக் குறைக்கும். அதற்கே போடலாம். மடலை அறுத்ததும் நேராக முகத்தில் தேய்க்காதீர்கள். அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து வையுங்கள். பச்சைத் தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் கசிந்து இறங்கும். நிறைய பேருக்கு அரிப்பும் தடிப்பும் கொடுப்பது அந்த மஞ்சள் பால்தான். அது நன்றாக வடிந்த பிறகு, தோலைச் சீவி, உள்ளே கண்ணாடிபோல் இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். இரவில் தடவி இருபது நிமிடம் கழித்துக் கழுவலாம்.

அடுத்தது அதிமதுரம். இதற்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கொடுப்பேன். இதில் இருக்கும் கிளாப்ரிடின் நிறத்தைக் குறைக்கும் பொருள்; விலை உயர்ந்த கிரீம்களிலும் அதைச் சேர்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், கிளாப்ரிடின் தண்ணீரில் சரியாகக் கரையாது. பன்னீரில் குழைத்த விழுதிலிருந்து தோலுக்குள் இறங்குவது சொற்பம். ஆனாலும் எரியாது, உறுத்தாது. வாரம் இரண்டு நாள் போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. தூளாக வாங்காமல் குச்சியாக வாங்குங்கள். ஒடித்தால் உள்ளே நார் நாராக மஞ்சள் தெரிய வேண்டும், நாக்கில் வைத்தால் இனிக்க வேண்டும். இடித்துத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். வஸ்திரகாயம் என்று அப்பா கடையில் சொல்வார்கள். சலிக்காத தூளில் இருக்கும் நார் கன்னத்தில் கீறிவிடும். ஒரு எச்சரிக்கை: வெளிப்பூச்சுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அதிமதுரத்தைத் தினமும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்.

கஸ்தூரி மஞ்சளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். "பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படு" என்பார் அப்பா. அசல் கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறித்தான் இருக்கும், உடைத்தால் கற்பூர வாசனை அடிக்கும். அந்தப் பெயரில் பூலாங்கிழங்கை விற்கும் கடைகளும் உண்டு. பாக்கெட் தூளில் எது இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது; சமையல் மஞ்சள்தூளிலேயே ஈயம் கலந்த லெட் குரோமேட் சாயம் பிடிபட்டிருக்கிறது. மஞ்சள் அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும், கறையை எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சந்தனமும் அப்படித்தான். கல்லில் உரசிய அசல் கட்டை குளிர்ச்சி தரும். அசல் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தால், சில ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்குச் சாறு, தக்காளி: வேண்டாம், குழம்புக்கு ஆகும். பாலில் உரசிய ஜாதிக்காய்: பலருக்கு எரிகிறது, எரிந்தால் கறுக்கும். முல்தானி மட்டி: எண்ணெய் வழியும் முகத்துக்கு எப்போதாவது; காய்ந்து இறுகி வெடிக்கும் வரை விடக்கூடாது. தேங்காய் எண்ணெய்: பரு வரும் முகத்தில் கூடவே கூடாது, துளையை அடைத்து அடுத்த பருவுக்கு வழி செய்யும்.

எதைப் போடுவதானாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். முகம் எங்கும் ஓடிவிடாது.

*

"கறை போய்விட்டது. ஆனால் குழி குழியாக இருக்கிறது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவினால் நிரம்புமா?"
– ஐ.டி. ஊழியர், சென்னை

நிரம்பாது. இருட்டான அறையில் செல்போன் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நிழல் விழுந்தால் அது குழி. விழாவிட்டால் வெறும் கறை. குழி என்றால் தோலுக்கு அடியில் அதைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் போய்விட்டது என்று பொருள். மேலே தடவும் எந்தச் சாறும் எண்ணெயும் அதைத் திரும்பக் கட்டாது. நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங், தழும்பை அடியில் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடும் சப்சிஷன் போன்ற சிகிச்சைகள்தான் வழி; அவையும் முழுக்கச் சமமாக்காது, கணிசமாகக் குறைக்கும். வைட்டமின் ஈ பற்றி 1999-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வந்தது: அறுவைத் தழும்பில் தடவிப் பார்த்ததில் பலன் ஒன்றும் இல்லை, தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமை வந்ததுதான் மிச்சம். மாத்திரையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இந்தப் பதில்.

*

"என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முகத்தில் பருக் கறை. பக்கத்து வீட்டு அம்மா ஒரு டியூப் கொடுத்து, ஒரே வாரத்தில் வெளுத்துவிடும் என்கிறார். உறவுக்காரப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு நைட் கிரீம் விற்கிறாள். எது நல்லது?"
– ஒரு தாய், திண்டுக்கல்

இரண்டும் வேண்டாம் அம்மா. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுப் பக்கம் கேட்டு வாங்கினேன்.

அந்த டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு வாரத்தில் வெளுப்பது உண்மைதான். அதனால்தான் பக்கத்து வீட்டு அம்மா மனதார நம்புகிறார். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், வெயில் பட்டால் எரியும், கன்னத்தில் முடி வளரும், பருவும் கொத்தாகக் கிளம்பும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும், பயந்து மறுபடி போடுவார்கள். 2018-லேயே இந்த வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆனாலும் வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டிருக்கிறது. மகள் ஏற்கெனவே போட ஆரம்பித்து வாரங்கள் ஆகியிருந்தால், திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள்.

வாட்ஸ்அப் கிரீம் இன்னும் பயம். தயாரித்தவர் முகவரி, உள்ளடக்கம் எதுவும் இல்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. 2023-ல் கேரளத்தில் மலப்புரம் பக்கம், இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியில் வந்தது. முகத்துக்குப் போட்டது சிறுநீரகத்தில் போய் நின்றது.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அசெலயிக் ஆசிட் என்ற மருந்து பருவுக்கும் கறைக்கும் சேர்த்து வேலை செய்யும். மருத்துவரைப் பார்த்து இப்போதே தொடங்கினால் கல்யாணத்துக்குள் வித்தியாசம் தெரியும். கடைசி ஒரு மாதம் புது கிரீம், புது ஃபேஷியல், பிளீச் எதுவும் கூடாது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் "சும்மா ஒரு பிளீச்" என்று பார்லரில் சொல்வார்கள். எழுந்து வந்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் கறையை மேக்கப் பார்த்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டார் யாராவது அதைப் பற்றி வாய் திறந்தால், அது வேறு பத்திரிகையின் கேள்வி பதில் பகுதிக்கு எழுத வேண்டிய விஷயம்.

*

"பையன்கள் இந்தப் பகுதிக்கு எழுதலாமா? பருவின் மேல் டூத்பேஸ்ட் வைத்தேன், பேக்கிங் சோடாவும் தேய்த்தேன். நெற்றி முழுக்கக் கறை."
– பாலிடெக்னிக் மாணவர், கோவில்பட்டி

தாராளமாக எழுதலாம் தம்பி. டூத்பேஸ்ட் பல்லுக்கு. சோடா தோலின் இயல்பான புளிப்பை முறித்துவிடும். இரண்டையும் இன்றோடு விடுங்கள். நெற்றியில் மட்டும் பரு வருகிறது என்றால் தலைக்கு வைக்கும் எண்ணெயையும் ஹெல்மெட் உள்துணியையும் பாருங்கள். எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் குளித்துவிடுங்கள், துணியை வாரம் ஒரு முறை துவையுங்கள். கிள்ளாமல் இருப்பது கஷ்டம் என்று தெரியும். பரு மேல் ஒட்டும் சின்ன பிளாஸ்டர் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதை ஒட்டினால் கை போகாது.

*

"ஐந்து மாதக் கர்ப்பம். பருவும் கறையும் புதிதாக வந்திருக்கின்றன. என்ன போடலாம்?"
– வாசகி, புதுக்கோட்டை

கற்றாழை, சன்ஸ்கிரீன் போடலாம். அசெலயிக் ஆசிட் மருத்துவர் சொன்னால் போடலாம். பருவுக்குப் போடும் அடாபலீன், டிரெட்டினாயின் களிம்புகளை நிறுத்துங்கள். பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் தொடவே தொடாதீர்கள், குழந்தைக்கு ஆபத்து. கறை பரு இருந்த இடத்தில் இல்லாமல் இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரிப் படர்ந்திருந்தால் அது மங்கு; அது தனிக் கதை, மறுபடி எழுதுங்கள்.

*

"பயத்தம்பயறு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் காயவைத்து மில்லில் அரைத்த நலங்கு மாவுதான் போடுகிறேன். சுத்தமான வீட்டுப் பொருள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முகம் எரிகிறது. எனக்கு மட்டும் ஏன்?"
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி

உங்களுக்கு முன்னால் மில்லில் யார் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள், அம்மா. மிளகாய்த்தூளாக இருக்கும். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் மிளகாய் உங்கள் மாவோடு வந்துவிடும். இருக்கும் மாவைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டு, அடுத்த முறை அரிசி மாவு அரைத்து முடித்ததும் உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். முதல் பிடி மாவை ஒதுக்கிவிட்டு மீதியைச் சலித்து எடுங்கள். போடும்போது தேய்க்க வேண்டாம், ஈரக் கையால் ஒற்றி எடுத்தால் போதும்.