மூலிகை மாத்திரை பலன் தராததற்குச் செரிமானம்தான் காரணமா?

கேள்வி: மூட்டுவலிக்காக, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் கேப்ஸ்யூலைச் சில வாரங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி வருகிறேன். பலன் எதுவும் தெரியவில்லை. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். எனக்குச் செரிமானம் சரியில்லாததால் மூலிகை உடலில் சேரவில்லை என்றும், செரிமான என்சைம் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: என்சைம் மாத்திரை உங்களுக்குத் தேவைப்படாது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பெரிய மூலக்கூறுகளைக் குடல் உறிஞ்சும் அளவுக்குச் சிறிதாக உடைப்பதே செரிமான என்சைம்களின் வேலை. குர்குமின் இம்மூன்றில் எதுவும் அல்ல. குடல் சுவரைக் கடப்பதற்கு உடைக்கப்பட வேண்டிய அவசியமே இல்லாத சிறிய மூலக்கூறு அது. அதற்கு இருக்கும் தடைகள் வேறு.

முதல் தடை, அது நீரில் ஏறக்குறைய கரையாது என்பது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கினால் பெரும்பகுதி கரையாமலேயே குடலைக் கடந்து மலத்துடன் வெளியேறிவிடும். கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியை அடையும்போதுதான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வேண்டிய அளவு வெளியிடுகிறது. அதிலுள்ள பித்த உப்புகள் கொழுப்பில் கரையும் பொருள்களை நுண்துளிகளாகப் பொதிந்து குடல் சுவர் வரை கொண்டுசேர்க்கின்றன. ஆகவே நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது நேரத்தைத்தான்: முக்கிய உணவின் நடுவிலோ அது முடிந்த உடனேயோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடையை உணவால் நீக்கிவிட முடியாது. குடல் சுவரின் செல்களும் கல்லீரலும் உள்ளே வந்த குர்குமினுடன் குளூக்குரோனிக் அமிலத்தையும் சல்பேட்டையும் பிணைத்து, அதை எளிதில் வெளியேறக்கூடிய பொருளாக விரைவாக மாற்றிவிடுகின்றன. அந்நியப் பொருள்களை அகற்றும் இயல்பான பாதுகாப்பு இது. செரிமானம் மிக நன்றாக இருப்பவர்களிடமும் இதுவே நடக்கிறது.

இந்தத் தடையைத் தாண்டவே மிளகிலுள்ள பைப்பரின் பல கேப்ஸ்யூல்களில் சேர்க்கப்படுகிறது. 1998-இல் வெளியான ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுக்கப்பட்ட மனிதர்களின் இரத்தத்தில் அது சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்கானது. விளம்பரங்களில் நீங்கள் காணும் ‘2000 சதவீதம்’ அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தொடக்க அளவே மிகச் சொற்பம் என்பதையும், இரத்தத்தில் அளவு உயர்வதும் வலி குறைவதும் ஒன்றல்ல என்பதையும் அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை. பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதுமில்லை: வலிப்புக்கான ஃபெனிடாய்ன், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளின் இரத்த அளவையும் அது உயர்த்தக்கூடும். மஞ்சள் சார்ந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் பதிவான நிகழ்வுகளில், உறிஞ்சப்படும் அளவைக் கூட்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை கணிசமாக இடம்பெற்றன. எனவே மருத்துவரைக் கேட்காமல் பைப்பரின் கலந்ததற்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதிகமாக உறிஞ்சப்படுவது எப்போதும் நன்மை என்று எண்ணுவதே தவறு. பச்சைத் தேயிலைச் சாரத்திலுள்ள கேட்டச்சின்கள் வெறும் வயிற்றில்தான் அதிகம் உறிஞ்சப்படுகின்றன; அதனாலேயே அந்த மாத்திரைகளை உணவுடன் எடுக்கும்படி எச்சரிக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் செய்த மதிப்பீட்டின்படி, அவற்றில் முதன்மையான இஜிசிஜி மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சேரும்போது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் இரத்தப் பரிசோதனையில் தென்படுகின்றன.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலைப் பொறுத்தவரை, குர்குமின் உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை அமிலம் தேவையில்லை என்பதால் அதைக் குறை சொல்ல இடமில்லை. வேறு சில மூலிகைகளில் அமிலத்தின் அளவு முக்கியமாகிறது. பெப்பர்மின்ட் எண்ணெய்க் கேப்ஸ்யூலின் மேலுறை இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும்படி அமைந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்தால் உறை முன்னதாகவே கரைந்து நெஞ்செரிச்சல் கூடலாம். இசப்கோல் உமி எடுப்பவராக இருந்தால், அதன் கூழ் மற்ற மருந்துகள் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் 2 மணிநேர இடைவெளி விடுங்கள். நிலவாகை, ஜின்செங் போன்றவற்றின் சேர்மங்களைப் பெருங்குடல் பாக்டீரியாக்களே செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. ஆன்டிபயாடிக் எடுக்கும் நாள்களில் அவற்றின் விளைவு மாறக்கூடும்.

உண்மையிலேயே செரிமானக் கோளாறு காரணமாக இருப்பதும் உண்டு. கணையத்தின் நாள்பட்ட அழற்சி, பித்தநாள அடைப்பு, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்ட நிலை ஆகியவற்றில் மூலிகை மட்டுமல்ல, உணவின் கொழுப்பும் அதில் கரையும் வைட்டமின்களும்கூடச் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. எண்ணெய்ப் பசையுடன் வெளிறி நாற்றமடிக்கும் மலமும் காரணமில்லாத எடைக் குறைவும் இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். என்சைம் தேவையா, எவ்வளவு என்பதைப் பரிசோதனைக்குப் பிறகு அவரே முடிவு செய்வார்.

பித்தப்பையில் கல் இருந்தாலோ, வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்தாலோ குர்குமினை இப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். அவை இல்லையென்றால் உணவுடன் எடுத்து 2 மாதம் பாருங்கள். அப்போதும் வலியில் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டாமல் விட்டுவிடலாம். இடையில் சிறுநீர் அடர்நிறமானாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடல் அரித்தாலோ அன்றே நிறுத்தி, மாத்திரைப் புட்டியையும் எடுத்துச் சென்று கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.