1,000 வெள்ளிக்குள் ஹைப்ரிட் மெத்தை: ஒருக்களித்துப் படுப்பவருக்கும் மல்லாந்து படுப்பவருக்கும் ஒன்றே பொருந்துமா?

செந்தூலில் வசிக்கும் நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர், உங்கள் கணவர் மல்லாந்து படுப்பவர், இருவருக்கும் ஒரே ஹைப்ரிட் மெத்தை (ஸ்பிரிங்கும் நுரையும் சேர்ந்தது) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் உங்கள் தேவையையே முதலில் கவனிக்க வேண்டும். ஒருக்களிக்கும்போது உடல் எடை தோளிலும் இடுப்பிலும் குவிவதால், தனித்தனி உறையிட்ட ஸ்பிரிங்குகளின் மேல் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் மென்மையான நுரை அடுக்கு இருந்தால்தான் அவ்விரண்டும் சற்று அமிழ்ந்து முதுகெலும்பு நேராக நிற்கும். மலிவான மெத்தைகள் பல சறுக்குவது இங்கேதான்: மேல் அடுக்கு மெலிதாக இருக்கும், தடித்த மேலுறை அதை மறைத்துவிடும். ஆகவே மொத்த உயரத்தைக் கண்டு மயங்காமல், ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும் நுரையின் அடர்த்தியையும் கடையில் கேளுங்கள்.

கணவருக்கு நடுத்தர உறுதி போதும். அவர் மல்லாந்திருக்கையில் கீழ்முதுகுக்கும் மெத்தைக்கும் இடையில் கை தாராளமாக நுழைந்தால் அது அவருக்குக் கடினமான மெத்தை. குப்புறப் படுப்பவருக்குப் பொதுவாக இன்னும் உறுதியானது தேவை.

கோலாலம்பூரின் புழுக்கத்தில், குளிரூட்டி இல்லாத அறையென்றால், உடல் சூட்டில் இளகி வெப்பத்தைத் தேக்கும் மெமரி நுரையைவிட, காற்று புகும் துளையிட்ட லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.