பேச்சை நிறுத்திவிட்டார், பிறகு?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 பேர். ஒருவர் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வார். எல்லோரும் சேர்ந்து வாட்ஸ்அப் குழுவில் கண்டித்தோம்; மன்னிப்புக் கேட்டார். இப்போது வேறொரு தனிக்குழுவில் முன்னைவிட மோசமாகப் பேசுகிறாராம். மற்றவர்களும் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. அவரை அடியோடு ஒதுக்கிவைக்கலாமா?

பதில்: வேண்டாம். கேலியைக் கண்டித்தது சரிதான். 11 பேர் ஒரே நேரத்தில், எல்லோர் கண்முன்னும் கண்டித்ததில்தான் சிக்கல். அந்த நேரத்தில் போகிற தன் மானம்தான் அவருக்குத் தெரியும். தான் யாரைப் புண்படுத்தினோம் என்பது தெரியாது. பேச்சு நிற்கவில்லை, மறுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்துக்குப் போய்விட்டது. ஒதுக்கிவைத்தால் அந்த இடம் மட்டுமே அவருக்கு மிஞ்சும்.

மற்றவர்களின் மௌனம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஆய்வு செய்தார். சுற்றியிருந்தவர்கள் ஆய்வாளர் முன்பே சொல்லிவைத்தபடி தவறான விடை சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை ஆய்வுக்கு வந்தவரும் அதையே சொன்னார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னாலோ, விடையைத் தனியே எழுதித்தரச் சொன்னாலோ அந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. அடுத்த கூட்டத்தில், பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு தாளில் கருத்தை எழுதி வாங்குங்கள். மூத்தவர் கடைசியாகப் பேசட்டும்.

அவரிடம் ஒருவர் மட்டும், அவர் மதிக்கும் ஒருவர், தனியே பேசட்டும். பத்து நிமிடம் போதும். அலுவலகத்தில் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லி, அது யாருக்கு எப்படி வலிக்கும் என்று விளக்கிவிட்டு, அவர் பதிலைக் கேட்க வேண்டும். தனிக்குழுப் பேச்சை எடுக்க வேண்டாம். யார் காட்டிக்கொடுத்தது என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார். 'நீங்கள் இப்படிப்பட்ட ஆள்' என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முறிந்தது. மறுபடி மன்னிப்பும் கேட்க வைக்காதீர்கள். தடைசெய்த சொற்களுக்குப் பட்டியல் போடுவதும் பயன்படாது: 'மாற்றுத்திறனாளி' என்ற மரியாதைச் சொல்லையே இழுத்துச் சொல்லி வசவாக்கிவிடலாம்.

குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ, மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது நிர்வாகம் விசாரிக்க வேண்டியது. பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலோடு, தேதி, இடம், சொன்ன சொற்கள், நேரில் கேட்டவர்கள் ஆகியவற்றை எழுதிப் புகார் கொடுங்கள். 'பேசுகிறாராம்' என்ற அளவில் காதில் விழுந்ததை அதில் சேர்க்காதீர்கள்; அது ஒன்று பொய்யானால் உண்மையான மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள்.