பவுடரும் வேண்டாம், சோற்றை விடவும் வேண்டாம்

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை உட்கார்ந்தே வேலை. எடை 78 கிலோ. போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்ததில் ஹெச்பிஏ1சி 6.1, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்று வந்தது. மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. பக்கத்து வீதியில் ஊட்டச்சத்து கிளப் நடத்தும் அக்கா ஒரு எந்திரத்தில் ஏற்றிப் பார்த்து, ‘உங்கள் உடலின் வயது 58’ என்கிறார். இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் குடித்தால் மூன்று மாதத்தில் சர்க்கரை ஓடிவிடுமாம். மாதம் 6,800 ரூபாய். என் மனைவிக்கு (40 வயது) ஹெச்பிஏ1சி 5.9, சர்க்கரை 92, ஹீமோகுளோபின் 9.2. ‘அவருக்கும் சர்க்கரை ஆரம்பித்துவிட்டது, ஜோடியாகச் சேர்ந்தால் தள்ளுபடி’ என்கிறார். அரிசியை அடியோடு விட்டுச் சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார்கள். தினம் 10,000 அடி நடக்க எனக்கு நேரமே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் எண்ணைப் பார்ப்போம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால்தான் நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்பதும் அதே முந்தைய நிலைதான். உங்களுடைய இரண்டு எண்களும் ஒரே கதையைச் சொல்கின்றன. நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே போகவில்லை. திரும்பி வரலாம். அதற்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

மனைவியின் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன், அதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது.

அந்த எந்திரத்தை முடித்துவிடலாம். பாதத்தின் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறது. தண்ணீர் இருக்கும் சதை மின்சாரத்தை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டு ஊகிக்கிறது, அவ்வளவுதான். வியர்க்க விறுவிறுக்க நடந்து போய் ஏறினால் ஒரு எண், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இன்னொரு எண், பாதம் காய்ந்திருந்தால் வேறொன்று. ‘உடலின் வயது’ என்பது அந்த ஊகத்தின் மேல் கட்டிய இன்னொரு ஊகம். அதைப் பார்த்து எந்த மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். 22 வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். அந்த எந்திரத்தில் ஏறி, தன் வயதைவிடக் குறைந்த வயதோடு இறங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படிக் காட்டினால் டப்பா எப்படி விற்கும்?

பவுடர் குடித்தால் எடை குறையுமா? குறையும். மறுக்க மாட்டேன். நான்கு தோசையும் சட்னியும் சாப்பிட்ட இடத்தில் ஒரு டம்ளர் பவுடர் குடித்தால் யாருக்கும் குறையும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதும் ‘பாத்தீங்களா’ என்பார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து கரைந்தால் தண்ணீரும் போகும். பவுடரை நிறுத்தி மறுபடி தோசைக்கு வந்த மாதம் எல்லாம் திரும்பி வந்துவிடும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்த வகைச் சத்துப் பொருட்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். டப்பா ஒன்று சொல்கிறது, அக்கா வேறொன்று சொல்கிறார். கம்பெனியைக் கேட்டால் ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, விற்பவர் சொல்லியிருப்பார்’ என்று கை கழுவிவிடும்.

சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எழுபது வருடம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்களை ஒட்டி அனுப்பினால் அது விளம்பரமா, வாழ்த்துச் செய்தியா என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

ஆனால் அந்த அக்காவை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பரிசோதனைக் கூடம் உங்களிடம் பணம் வாங்கி, சிவப்பு எழுத்தில் ஒரு எண்ணை அச்சிட்டு, கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது, படித்துச் சொல்ல ஆள் இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போனால் வரிசை வாசல் வரை நிற்கிறது, மருத்துவர் முகத்தைப் பார்க்கவே இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். தனியாரில் உணவு ஆலோசகரைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே தாளை நகலெடுத்துத் தருகிறார்கள், அதில் ஓட்ஸ் இருக்கும், ஆப்பிள் இருக்கும், நீங்கள் சாப்பிடும் எதுவும் இருக்காது. உங்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசியவர் அந்த அக்கா ஒருவர்தான். அந்தக் காலி நாற்காலியில்தான் அவர் வியாபாரம் நடக்கிறது.

சரி, சோறு. விட வேண்டாம், அளக்க வேண்டும். 200 மில்லி டம்ளர் ஒன்று நிறையச் சோறு என்றால் ஏறக்குறைய 150 கிராம், அதில் 40 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து. மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை போட்டுக்கொள்கிறவர் கணக்குப் பார்த்தால் மூன்று டம்ளர்கூட வரும். அதை ஒன்றரை டம்ளராக்குங்கள். குறைந்த இடத்தைக் காலியாக விட்டால் நான்கு மணிக்குப் போண்டா கூப்பிடும். அதனால் அந்த இடத்தில் பொரியல், கூட்டு, கீரை, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ இருக்கட்டும். முதலில் காயையும் சுண்டலையும் சாப்பிட்டு, அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். அதே சாப்பாடுதான், வரிசையை மாற்றினாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். உழவர் சந்தையில் ஒரு வாரத்துக்குக் காய் வாங்க என்ன ஆகும் என்று மனைவியைக் கேளுங்கள், அந்த 6,800 ரூபாயோடு வைத்துப் பாருங்கள்.

சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அது மந்திரம் இல்லை. 100 கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்றால், சாமை, வரகு போன்றவற்றில் 65-ஐ ஒட்டி இருக்கும். நார்ச்சத்து கூடுதல், அதுவும் உமி மட்டும் நீக்கித் தவிட்டோடு இருந்தால். இப்போது கடையில் பளபளவென்று வெள்ளையாகத் தீட்டிய வரகுதான் அரிசியைப் போல மூன்று மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று நினைத்து இரண்டு தட்டு சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஏன் குறையவில்லை என்று கேட்டு வருகிறவர்கள் என்னிடம் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சரசரவென்று ஏறும். அதையே கொஞ்சம் கொரகொரப்பாக உடைத்து, களியாகக் கிண்டி, கீரைக் குழம்போடு மென்று சாப்பிட்டால் மெதுவாக ஏறும். தானியத்தின் பெயரைவிட அதை எவ்வளவு நைசாக்கினோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே பெரிது.

நீங்கள் எழுதாமல் விட்டது டீ. பனியன் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஐந்து டீயாவது வரும் என்று நினைக்கிறேன். கடை டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்று வைத்தால், ஐந்துக்கு 50 கிராம். நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று பெயர் மாற்றினாலும் ரத்தத்துக்குப் பெயர் தெரியாது. இரண்டு டீயாக்குங்கள், ‘சர்க்கரை பாதி’ என்று சொல்லி வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் இந்த ஒன்றே அரிசியை விடுவதைவிட அதிகம் செய்யும்.

நடை. அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி அளவி’. விற்பனைக்காக வைத்த பெயர் உலகத்துக்கே மருந்துச் சீட்டாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, கூடவே தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி இரண்டு நாள். 150 நிமிடத்தை ஒரேயடியாகத் தேட வேண்டாம். மதியம் சாப்பிட்டதும் 10 நிமிடம், இரவு சாப்பிட்டதும் 15 நிமிடம் நடங்கள். ஆறு நாளில் 150 வந்துவிட்டது. சாப்பிட்டதும் நடப்பதில் ஒரு லாபம் உண்டு. அசையும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அது ரத்தத்தில் ஏறும் நேரம் பார்த்து. வாரம் மூன்று நாள் பத்துப் பத்தாக இரண்டு முறை தோப்புக்கரணம் போடுங்கள். முட்டி வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

2023-ல் மாவட்டத்துக்கு ஒன்று என்று 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் இரவு எட்டு மணிக்குக் கம்பெனி விட்டு வருகிறவனுக்கு வேண்டியது வீட்டு வாசலில் 800 மீட்டர், பள்ளமும் பைக்கும் நாயும் இல்லாமல். அது கிடைக்கும் வரை மொட்டை மாடிதான்.

இதெல்லாம் நம் ஊர் உடம்புக்குப் பலிக்குமா என்று கேட்பீர்கள். சென்னையை மையமாக வைத்து மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து பார்த்து, 2006-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் உங்களைப் போல வாசலில் நின்றவர்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோய்க்குள் போனார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீராக்கியவர்களில் 39 பேர். மாத்திரை எடுத்தவர்களில் 40 பேர், ஆக மாத்திரையும் நடையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. கவனிக்க வேண்டியது இது: நடந்தவர்களுக்குப் பெரிதாக எடை குறையவில்லை, இருந்தும் பலன் இருந்தது. எனவே வாராவாரம் கிளப்பில் எடை மேடை ஏறி மனம் நொந்துபோகாதீர்கள். நீங்கள் அளக்க வேண்டியது இடுப்பு, அதுவும் பேண்ட் அளவை இல்லை, தொப்புளை ஒட்டி டேப் பிடித்து. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்குள் வர முயலுங்கள்.

இப்போது உங்கள் மனைவி. அவருக்குச் சர்க்கரை ஆரம்பித்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, அந்தச் சோதனையை வைத்துச் சொல்லவே முடியாது. சிவப்பணுவின் மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஹெச்பிஏ1சி. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் அதை மூன்று மாதச் சராசரி என்கிறோம். இரும்புச்சத்துக் குறைந்தால் உடல் புதிய சிவப்பணுக்களைச் சரியாகச் செய்ய முடியாது, பழைய அணுக்களே அதிக நாள் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய பாத்திரத்தில் கறை அதிகம் பிடிப்பது போல, அவற்றில் சர்க்கரையும் அதிகம் ஒட்டியிருக்கும். சர்க்கரை ஏறாமலே எண் மட்டும் ஏறும். அவருக்கு ஹீமோகுளோபின் 9.2, பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, அது சுத்தமாகச் சரி. ஒரு எண் ‘இருக்கிறது’ என்றும் இன்னொன்று ‘இல்லை’ என்றும் சொல்லும்போது சந்தேகப்பட வேண்டியது சோதனையை.

இது எதிர்ப் பக்கமும் நடக்கும். சமீபத்தில் திடீரென்று அதிக ரத்தம் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ எண் பொய்யாகக் குறைந்து காட்டும், உண்மையான சர்க்கரை மறைந்துவிடும். அதனால் ரத்தசோகை உள்ளவருக்கு இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் சோதனை போதும், 140-க்குள் இருந்தால் கவலை இல்லை. கூடவே உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் அதிகமா என்று மருத்துவர் கேட்க வேண்டும், அவர் கேட்காவிட்டால் உங்கள் மனைவியே சொல்லட்டும். இரும்பு மாத்திரை எழுதினால் டீயோடு விழுங்கக் கூடாது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம். கூட ஒரு நெல்லிக்காய் சாப்பிடலாம். ரத்தம் ஏறிச் சில மாதம் கழித்து அதே ஹெச்பிஏ1சியைப் பாருங்கள். இந்த நிலையில் அவரைப் பவுடரில் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு மூன்று மாதம் கழித்து அதே இரண்டு சோதனைகள் மட்டும் போதும். 3,000 ரூபாய்ப் பேக்கேஜ் வேண்டாம்.

அந்த 6,800 ரூபாயை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால், டப்பாவின் மூடியைத் திறக்காமல் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். ரசீது தந்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.