நேர்மறை உளவியலைப் படித்தால் வாழ்க்கையில் நிறைவு வருமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்து பார்த்தேன், இன்றும் செய்துகொண்டிருக்கிறேன். படித்தபோது பெரிதாக எதுவும் மாறவில்லை. தினமும் எழுத ஆரம்பித்த பிறகுதான் மாறியது.

சிங்கப்பூருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஈசூனில் வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி வீடு), நிலையான வேலை, மகளுக்கு நல்ல பள்ளி. ஆனாலும் இரவு வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தால் நெஞ்சு கனக்கும். குறை என்று சொல்ல ஒன்றுமில்லாததால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

‘எல்லாவற்றையும் நல்லதாகவே நினை’ என்பதுதான் நேர்மறை உளவியல் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. இந்தத் துறைக்கு வித்திட்ட அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் பல வருடம் மனச்சோர்வை ஆராய்ந்தவர். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, நோயைத் தீர்ப்பதோடு நிற்காமல், மனிதர் நன்றாக வாழ எது உதவுகிறது என்றும் ஆராய வேண்டும் என்றார்.

2005இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு வாரம், ஒவ்வோர் இரவும், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். செய்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. வாரம் முடிந்தும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்கு அது நன்றாக நிலைத்தது.

முதல் சில நாள் அந்த ‘ஏன்’ பகுதியை விட்டுவிட்டேன். ‘சாப்பாடு நன்றாக இருந்தது, பேருந்து சீக்கிரம் வந்தது’ என்று மளிகைச் சீட்டு போல எழுதினேன். அப்புறம் காரணமும் எழுதினேன். மழையில் நனையாமல் வீடு வந்தேன். ஏன்? எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) புளோக் வாசல்வரை தன் குடையில் கூட்டி வந்தார். மதியம் யார்மேலும் எரிந்து விழவில்லை. ஏன்? கூட வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பி எனக்கும் சேர்த்து கோப்பி வாங்கி வைத்திருந்தான்.

மூன்றாவது வாரம் புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் மனிதர்கள்தான் காரணம். அவர்களில் பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கியிருக்கிறோம்! அன்று நிஜமாகவே வலித்தது.

பெயர் கேட்க ஆரம்பித்தேன். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். நோன்புப் பெருநாளுக்கு மக்சிக் வீட்டிலிருந்து ரெண்டாங் கறி வந்தது. இப்போது சனிக்கிழமை மாலை அவர் பேரனும் என் மகளும் என்னிடம் கணக்குப் படிக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டிருந்தால் நோட்டுப் புத்தகத்தை நம்பி இருக்காதீர்கள். முதலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதே ஆய்வில் நன்றிக் கடிதம் என்றொரு பயிற்சியும் உண்டு. நாம் சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுக்க வேண்டும். நான் இங்கு வந்த புதிதில் வாடகை வாங்காமல் இரண்டு மாதம் தங்க வைத்த மாமாவுக்கு எழுதினேன். தேக்கா சந்தையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, வாசித்துக் காட்டினேன். “என்னப்பா இதெல்லாம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆய்வில் இந்தப் பயிற்சியின் பலன் மூன்று மாதத்துக்குள் மறைந்துவிட்டது. அதனால் மாதம் ஒரு ஞாயிறு அவரைப் பார்க்கப் போகிறேன். மகளும் வருகிறாள்.