ஸ்கேனுக்கு முன் போடும் 'கான்ட்ராஸ்ட்' ஊசி என்ன செய்கிறது?

நாகர்கோவில் பக்கம் 'சாயம் ஏற்றணும்' என்பார்கள். உண்மையில் அது சாயமில்லை. ரத்தக்குழாயையும் கட்டியையும் படத்தில் பிரித்துக் காட்டும் மருந்து. பேச்சிப்பாறைச் சானலில் செம்மண் கலங்கி வந்தால் தண்ணீர் எந்தக் கிளையில் பாய்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியுமே, அப்படி.

சி.டி.யில் அயோடின். அது கனமான அணு (அணு எண் 53). தசையைவிட எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சுவதால் வெள்ளையாகத் தெரியும்.

எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் என்ற உலோகம். ஸ்கேன் கருவி நிலைகுலைத்த, அருகிலுள்ள நீரின் ஹைட்ரஜனை அது காந்தம்போல் சீக்கிரம் பழைய நிலைக்குத் திருப்ப, அந்த இடம் பளிச்சிடும். தனியாக விட்டால் நஞ்சு; அதனால் வேறொரு மூலக்கூறுக்குள் கூண்டில் அடைப்பதுபோல் பூட்டித்தான் ஏற்றுவார்கள்.

இரண்டும் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். ஊசிக்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவைப் பார்ப்பது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறியத்தான்.

இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் ஊசி ஆகாது என்பது தவறு: அந்த ஒவ்வாமைக்குக் காரணம் இறாலின் புரதம், அயோடின் அல்ல.