ஈர ஓடுபாதையில் விமானம் நிற்காமல் போவது ஏன்?

கேள்வி: கனமழையில் நான் வந்த விமானம் தடாரென்று தரையில் இறங்கி, ஓடுபாதையின் கடைசி வரை போய்த்தான் நின்றது. அதிலிருந்து மழைநாளில் விமானம் ஏறவே பயமாக இருக்கிறது. ஈர ஓடுபாதையைத் தாண்டி விமானம் ஓடிவிட என்ன காரணம்? பிரேக் பழுதா, விமானியின் தவறா, வெறும் தண்ணீர்தானா? பயணியாக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: முதலில் அந்தத் 'தடார்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈரத்தில் சற்று அழுத்தி இறக்குவதுதான் சரியான முறை. பூப்போல இறக்கினால் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேலேயே நின்றுவிடும். அழுத்தி இறக்கினால் படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும், சக்கரமும் உடனே சுழல ஆரம்பிக்கும். உங்கள் விமானி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். டயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் (டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் சொல்லும் அதே அளவு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு எழும்பத் தொடங்கும் வேகம் தோராயமாக நாட் கணக்கில் கிடைக்கும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). 32 பிஎஸ்ஐ உள்ள கார் டயருக்கு இது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 200 பிஎஸ்ஐ உள்ள விமான டயருக்கு 127 நாட், அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானங்கள் தரையைத் தொடுவது ஏறக்குறைய 130 முதல் 145 நாட் வேகத்தில். ஆக, ஓடுபாதையில் நீர் தேங்கியிருந்தால், பிரேக் மிகவும் தேவைப்படும் முதல் சில வினாடிகளில்தான் அது கையில் இருக்காது. ஹைட்ரோபிளேனிங் என்பது இதுதான். நீர் தேங்காத இடத்திலும் ஆபத்து உண்டு. விமானங்கள் வழக்கமாக இறங்கும் பகுதியில் டயர் ரப்பர் உருகி ஒட்டி, தரை மழமழவென்று ஆகிவிடும். அதன் மேல் மெல்லிய ஈரம் போதும், டயர் வழுக்கும். ஓடுபாதையில் குறுக்கே பள்ளக்கோடுகள் வெட்டுவதும், ரப்பரை அவ்வப்போது சுரண்டி எடுப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது தண்ணீரின் ஆழத்தை அல்ல. சக்கரம் எந்த இடத்தில் தரையைத் தொட்டது என்பதைத்தான் தேடுவேன். காரணம் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு விமானம் உலர்ந்த தரையில் 1,200 மீட்டரில் நிற்கும் என்று சோதனையில் நிரூபித்திருந்தால், அந்தத் தூரம் ஓடுபாதை நீளத்தில் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் 2,000 மீட்டர் ஓடுபாதை வேண்டும். ஈரமாக இருந்தால் இன்னும் 15 சதவீதம் சேர்த்து 2,300 மீட்டர். அதில் 1,100 மீட்டர் கையிருப்பு. ஈரம் அதில் ஒரு பங்கை எப்படியும் தின்றுவிடும். மீதியைக் கரைப்பது வேறு விஷயங்கள். ஓடுபாதை முனையைக் கடக்கும்போது 50 அடி கூடுதல் உயரத்தில் இருந்தால், சுமார் 290 மீட்டர் போச்சு. தரையைத் தொடாமல் மிதக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் 70 மீட்டர் போச்சு, நாலு வினாடி மிதந்தால் 280 மீட்டர். 140 நாட்டுக்குப் பதில் 150 நாட்டில் தொட்டால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 15 சதவீதம் கூடுகிறது. அப்புறம் பின்காற்று வேறு. எதுவும் தனியாக விமானத்தைக் கவிழ்க்காது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நாளில்தான் ஓடுபாதை போதாமல் போகிறது.

2005 ஆகஸ்ட் 2 அன்று டொரன்டோவில் ஏர் பிரான்ஸின் ஏ340 இறங்கியபோது, 9,000 அடி ஓடுபாதையில் சுமார் 3,800 அடி கடந்துதான் தரையைத் தொட்டது. எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்ட்டையும் தாமதமாகவே இயக்கினார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேரைப் பலிகொண்ட விமானம், பின்காற்றோடு வந்து, பாதி ஓடுபாதையைத் தாண்டித்தான் தரை தொட்டது.

வார்சா விபத்து இன்னும் நுட்பமானது. 1993 செப்டம்பர் 14. பக்கக்காற்றை எதிர்பார்த்து லுஃப்தான்சா ஏ320-ஐ விமானிகள் சற்றுக் கூடுதல் வேகத்தோடு, வலப்பக்கம் சாய்த்து இறக்கினார்கள். காற்றோ பின்னாலிருந்து தள்ளியது. வலது சக்கரம் தொட்டுச் சுமார் 9 வினாடி கழித்தே இடது சக்கரம் தரையில் அழுந்தியது. அதுவரை விமானத்தின் கணினி, தான் இன்னும் ஆகாயத்தில் இருப்பதாகவே நம்பியது. அதனால் இறக்கை மேல் எழும்ப வேண்டிய ஸ்பாய்லர் தகடுகள் எழும்பவில்லை, ரிவர்ஸும் திறக்கவில்லை. சக்கரமும் நீர் மேல் வழுக்கியது. இரண்டு பேர் இறந்தார்கள். இதைத் தண்ணீர் என்பீர்களா, காற்று என்பீர்களா, கணினி என்பீர்களா? ஸ்பாய்லர் எழும்பாவிட்டால் இறக்கை விமானத்தின் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கும், சக்கரத்தின் மேல் பாரம் இறங்காது. பாரம் இறங்காமல் எந்த பிரேக்கும் பிடிக்காது.

2007 ஜூலை 17 அன்று சாவோ பாவ்லோவில் 199 பேர் இறந்தபோது, பள்ளக்கோடு இன்னும் வெட்டப்படாத ஓடுபாதை மீதுதான் எல்லாக் கண்களும் திரும்பின. கறுப்புப் பெட்டியோ, ஒரு எஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் நெம்புகோல் பின்னுக்கு வராமல் முன்னாலேயே நின்றதைக் காட்டியது. அதனால்தான் ஸ்பாய்லர்கள் எழும்பவில்லை. பிரேக் பழுதால் மட்டும் நடக்கும் விபத்து அரிது.

இதற்கெல்லாம் நல்ல மருந்து, இறங்காமல் மறுபடி மேலேறிவிடுவதுதான். 1999 செப்டம்பர் 23 அன்று பாங்காக்கில் குவாண்டாஸ் 747 இறங்கும் தறுவாயில், மேலேறச் சொன்ன கேப்டன், சக்கரம் தொட்டதும் அந்த முடிவைக் கைவிட்டார். அந்தக் குழப்பத்தில் ரிவர்ஸை இயக்க மறந்தார்கள். விமானம் நீரில் வழுக்கி ஓடுபாதைக்கு வெளியே போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எனவே நீங்கள் வரும் விமானம் தரையருகே வந்து திடீரென்று உறுமி மேலே எழுந்தால் பயப்படாதீர்கள். விமானி கையிருப்பு கரைவதைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அரைமணி நேரத் தாமதத்துக்காக அவரைத் திட்டுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. விமானம் முழுமையாக நிற்கும் வரை பெல்ட்டை இடுப்பில் இறுக்கமாகப் போட்டிருங்கள். இறங்கும்போது காலில் ஷூ இருக்கட்டும். உங்கள் இருக்கையிலிருந்து அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று முன்னாலும் பின்னாலும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகையில் கண் உதவாது. வெளியேறச் சொன்னால் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். டொரன்டோவில் விமானம் தீப்பிடித்து எரிந்தும் 309 பேரும் பிழைத்தார்கள். அந்த நேரத்திலும் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் ஏறும்போதே சட்டைப்பையில் வைத்துவிட்டால், மேலே இருக்கும் பெட்டியை நினைக்க வேண்டிய தேவை இருக்காது.